நவீன் வேலைக்குச் சேர்றான், துணி எடுக்கோணும்

குழு: அப்பாரு வூட்டுச் சொந்தம்

அம்மா: எல்லாரும் பாருங்க. நவீனுக்குச் சென்னைல வேலை கெடச்சிருச்சு. ஒண்ணாந்தேதி சேரச் சொல்லியிருக்காங்க. காலேஜுக்குப் போட்ட டீசர்ட்டத் தவிர அவங்கிட்ட ஒண்ணுமில்ல. துணிமணிக்கு 15,000 ரூபா ஒதுக்கியிருக்கோம். என்ன எடுக்கலாம்னு சொல்லுங்க.

ஜெயா அத்தை: ரொம்ப சந்தோசம் மல்லிகா. நவீன் கண்ணு, நல்லா இரு சாமி 💐

பிரபு மாமா: சூப்பர்டா மாப்ள. எந்த ஏரியா ஆபீஸ்?

நவீன்: தேங்க்ஸ் அத்தை, தேங்க்ஸ் மாமா. தரமணி பக்கம். துணிக்கு ஆன்லைன்ல ஒரு ஆஃபர் பாத்து வெச்சிருக்கேன், 5 சட்டை 1,999 ரூபா.

நவீன்: (படம்)

சிவா சித்தப்பா: இன்னும் ஆர்டர் போடலியே?

நவீன்: இல்லீங் சித்தப்பா, கார்ட்லதான் இருக்குது.

சிவா சித்தப்பா: அப்படியே நிக்கட்டும். என்ன துணின்னு கீழ போட்டிருப்பான், படி.

நவீன்: பாலி காட்டன்னு இருக்குங். எத்தன சதவீதம்னு போடல.

சிவா சித்தப்பா: பாலியஸ்டர் கூட இருந்தா கசங்காது, அயர்ன் வேல மிச்சம். ஆனா வேர்வைய அவ்வளவா உறிஞ்சாது. சென்னை மே மாசத்துல பஸ்ஸ விட்டு எறங்கறப்பவே முதுகுல ஒட்டிக்கும். அதுவுமில்லாம அஞ்சுலயும் பூவும் இலையும் பிரிண்டு. அப்படிச் சட்டைய ஒரே வாரத்துல ரெண்டு நாள் போட்டா ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். வெள்ளைச் சட்டைய யாரும் எண்ண மாட்டாங்க.

பிரபு மாமா: மச்சான் சொல்றது சரி. வெளிய வெந்து சாவோம், உள்ள ஏசில நடுங்குவோம். முழுக்கைச் சட்டைதான் தோது. வெளிய வந்தா மடிச்சு உட்டுக்கலாம்.

நவீன்: அப்ப என்னென்ன எடுக்கறது சித்தப்பா?

சிவா சித்தப்பா: மொதல்ல பேண்டப் பாரு, சட்டை அப்புறம். எல்லாரும் சட்டைய எடுத்துட்டு அதுக்குப் பேண்ட் தேடுவாங்க, அங்கதான் காசு போகும். கருநீலம் ஒண்ணு, காக்கியும் சந்தனமும் கலந்தாப்புல ஒண்ணு, வெளுப்படிக்காத கருநீல ஜீன்ஸ் ஒண்ணு. இந்த மூணுக்கும் பொருந்தற சட்டைய மட்டும் எடு. வெள்ளை, இளநீலம், வெள்ளைல மெல்லிசா நீலக்கோடு, அப்புறம் ஒரு இளஞ்சாம்பல். நாலு சட்டையும் மூணு பேண்டுக்கும் மாத்தி மாத்திப் போகும். 12 விதம் ஆச்சு பாரு. காலைல கண்ண மூடிட்டு எடுத்தாலும் தப்பாது.

ஜெயா அத்தை: கருப்புப் பேண்ட் ஒண்ணு வேண்டாமா சிவா?

சிவா சித்தப்பா: காட்டன்ல கருப்பு சீக்கிரம் வெளுத்து ஒரு மாதிரி செம்பட்டையா ஆயிருதுக்கா. மடிப்புலயும் முட்டிலயும் மொதல்ல தெரியும். கருநீலம் வெளுத்தாலும் பாக்க லட்சணமா இருக்கும்.

நவீன்: எனக்கு சைஸ் 40ங். ரெடிமேட்ல கம்பெனிக்குக் கம்பெனி மாறுதே சித்தப்பா.

சிவா சித்தப்பா: நெம்பரப் பாக்காத கண்ணு, தோளப் பாரு. காலேஜ் விழால எடுத்த போட்டோ ஒண்ணு போன மாசம் இங்க போட்டியே, அந்த மெரூன் சட்டைல தோள் தையல் கைல ஒரு இஞ்சு எறங்கி நிக்குது. அதனாலதான் ஆளே தொங்கிப்போன மாதிரி தெரியற. தையல் தோள் எலும்பு முடியற எடத்துல நிக்கோணும். வயித்துல லூசா இருந்தா டைலர் புடிச்சுக் குடுத்துருவாரு, கை நீளமா இருந்தாலும் கொறைக்கலாம். தோளச் சரி பண்றது கிட்டத்தட்டப் புதுசா தைக்கற வேலை, எந்த டைலரும் மனசோட செய்ய மாட்டாரு.

சிவா சித்தப்பா: காலர் பட்டனப் போட்டுட்டு ரெண்டு வெரல் உள்ள போகுதான்னு பாரு. போகோணும், அதுக்கு மேல எடம் இருக்கக் கூடாது.

அம்மா: தச்சுக்கறதா, ரெடிமேடா தம்பி? அவுங்கப்பாவுக்கு ரெடிமேட்ல எடுத்த சட்டைக்கு நாலஞ்சு தொவைல காலரெல்லாம் கொப்புளம் கொப்புளமா வந்துருச்சு.

சிவா சித்தப்பா: அது காலருக்குள்ள வெச்சு ஒட்டற கேன்வாஸ் அண்ணி. சூடோ பசையோ பத்தாம ஒட்டியிருந்தா தண்ணில ஊறினதும் அங்கங்க விட்டுரும், அயர்ன் போட்டாலும் திரும்ப ஒழுங்கா ஒட்டாது. என்னக் கேட்டா ரெண்டு சட்டையும் ரெண்டு காட்டன் பேண்டும் தச்சுக்கட்டும். மிச்சத்த ரெடிமேட்ல எடுத்துக்கலாம்.

சிவா சித்தப்பா: துணியோட அகலத்தத்தான் பன்னான்னு சொல்வாங்க. 58 இஞ்சு பன்னான்னா முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர், பேண்டுக்கு 1.30 போதும். 36 இஞ்சு பன்னான்னா சட்டைக்கே ரெண்டே கால் மீட்டர் வேணும். காட்டன் துணிய ஒரு ராத்திரி தண்ணில போட்டு நெழல்ல காயவெச்சுத்தான் டைலர்கிட்டக் குடுக்கோணும். சுருங்கறது தைக்கறதுக்கு முந்தியே சுருங்கிரட்டும்.

சிவா சித்தப்பா: பேண்டுக்கு இடுப்புத் தையல்ல பின்பக்கம் ஒரு இஞ்சு துணி உள்ள விடச் சொல்லுங்க, காலடில ரெண்டு இஞ்சு. வேலைக்குப் போய் ஒக்காந்தா பசங்களுக்கு இடுப்பு ஏறும். ரெடிமேட்ல அந்த எடத்த ஒட்ட வெட்டியிருப்பான், பிரிச்சு உட முடியாது. தச்ச பேண்டு அஞ்சாறு வருசம் கூட வரும்.

பிரபு மாமா: லினன் ஒண்ணு எடுக்கலாமா மச்சான்? நான் போடறேன், வெயிலுக்கு அவ்வளவு சொகம்.

சிவா சித்தப்பா: சொகந்தான் மாப்ள. ஆனா ஒக்காந்து எந்திரிச்சா கசங்கிரும், தனியா ரூம் எடுத்து இருக்கற பையனுக்கு அயர்ன் வேல கூடிப்போகும். மொத வருசம் பாப்ளின்ல ரெண்டு, ஆக்ஸ்ஃபோர்டு துணில ரெண்டு போதும். பாப்ளின் மெல்லிசு, வழவழன்னு இருக்கும், மீட்டிங்குக்கு ஏத்தது. ஆக்ஸ்ஃபோர்டு கொஞ்சம் தடி, கூடை பின்னின மாதிரி நெசவு தெரியும். ஜீன்ஸுக்கும் போகும், பேண்டுக்கும் போகும். எந்தத் துணின்னாலும் கடைல உள்ள கையவிட்டு வெளிச்சத்துல புடி. வெரல் தெளிவாத் தெரிஞ்சா வேண்டாம்.

ஜெயா அத்தை: வெள்ளைச் சட்டைக்கு உள்ள வெள்ளை பனியன் போட்டா அது தனியாத் தெரியுதே சிவா. உங்க மாமாவுக்கு எப்பவும் அப்படித்தான்.

சிவா சித்தப்பா: இளஞ்சாம்பல் பனியன் போடச் சொல்லுக்கா, இல்ல தோல் நெறத்துல. வெளிய தெரியாது.

நவீன்: டீசர்ட் வேண்டாங்களா? வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல போடலாமாம்.

சிவா சித்தப்பா: வேணும், அத நான் பாத்துக்கறேன். திருப்பூர்ல இருந்துக்கிட்டு நம்மூட்டுப் பையன ஆன்லைன்ல டீசர்ட் வாங்க விட மாட்டேன். வெள்ளை, கருநீலம், அப்புறம் நெறம் கலந்த நூல்ல வர்ற சாம்பல் மெலாஞ்ச்னு மூணு. நெஞ்சுல எழுத்தில்லாம.

நவீன்: பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் சித்தப்பா இருக்கு. 200க்கும் இருக்கு, 900க்கும் இருக்கு. எத வெச்சுப் பாக்கறது?

சிவா சித்தப்பா: மொதல்ல ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கற கணக்கு. 140ன்னா உள்ள இருக்கறது தெரியும். 180 சரியா இருக்கும், வெயிலுக்கும் தாங்கும், தோள்லயும் நல்லா விழும். 220க்கு மேல போனா நம்மூருக்குச் சூடு. அடுத்து நூல். கோம்டு காட்டன்னா சீப்பு போட்டு வாரின மாதிரி குட்டை இழையெல்லாம் எடுத்துட்டு நூத்தது. கார்டட்னா அது உள்ளயே இருக்கும், பத்துத் தொவைல மேல பொடிப்பொடியா உருண்டு நிக்கும். பயோ வாஷ் பண்ணியிருந்தா அந்தப் பஞ்சு முடிய என்சைம் போட்டு எடுத்திருப்பாங்க, தொட்டாலே தெரியும்.

சிவா சித்தப்பா: இன்னொண்ணு. டீசர்ட்ட மேசைல விரிச்சுப் போட்டு சைடு தையலப் பாரு. கையடில இருந்து நேரா கீழ எறங்கோணும். ஒரு பக்கம் வயித்துக்கு முன்னாடி வந்து நின்னா அந்தத் துணி முறுக்கிக்கிச்சுன்னு அர்த்தம். தொவைக்கத் தொவைக்க இன்னும் திரும்பும். கட்டிங் டேபிள்ல நான் தெனமும் பாக்கற விசயம் இது, விலை கூடின டீசர்ட்லயும் வரும். கழுத்தச் சுத்தி இருக்கற ரிப் பட்டைய இழுத்து விட்டா பழையபடி வந்து ஒக்காரோணும், அலையலையா நின்னா எடுக்காத. இங்க திருப்பூர் காதர்பேட்டைல பொறுமையாப் பாத்தா எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ல, அதாவது ஏத்துமதிக்குத் தச்சு மிச்சமானதுல, நல்லதே கெடைக்கும்.

நவீன்: ஜீன்ஸ் ஸ்லிம்மா, லூசா? இப்ப எல்லாரும் லூசுதான் போடறாங்க.

சிவா சித்தப்பா: ஸ்ட்ரெய்ட் எடு. ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையல்காரர் லெவி ஸ்ட்ராஸ் கூடச் சேந்து பாக்கெட் மூலைல ரிவிட் ஆணி அடிச்சு 1873ல காப்புரிமை வாங்குன உடுப்பு அது. லூசும் டைட்டும் வந்து வந்து போகும், நேர்கால் எப்பவும் கடைல இருக்கும்.

மறுநாள் காலை

ஜெயா அத்தை: நேத்து எல்லாத்தையும் அப்பாவுக்குப் படிச்சுக் காமிச்சேன். “வேட்டிய ஒருத்தனும் சொல்லல பாரு”ங்கறாரு.

சிவா சித்தப்பா: அப்பா சொல்றது நெசம். 8 முழம் ஒண்ணு கண்டிப்பா வேணும். கல்யாணம், கோயில், ஆபீஸ் பொங்கல் எல்லாத்துக்கும் அந்த வெள்ளைச் சட்டையே ஆகும். கோ-ஆப்டெக்ஸ்ல கைத்தறி வேட்டி எடுத்துக்கலாம்.

ஜெயா அத்தை: வேட்டிய நாங்க எடுத்துத் தர்றோம். அப்பா அவரு கையால குடுக்கோணுமாம்.

நவீன்: தேங்க்ஸ் அத்தை ❤️ அப்பாருகிட்டச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன். 4 முழமும் ஒண்ணு வேணும், ரூம்ல கட்ட.

பிரபு மாமா: ஷூவும் பெல்ட்டும் என் கணக்கு மாப்ள. ரெண்டும் ஒரே பழுப்புல எடுத்தர்லாம், உன் மூணு பேண்டுக்கும் போகும். சென்னை வந்ததும் போய்க் காலுக்குப் போட்டுப் பாத்தே வாங்கலாம். சாயந்திரமாப் போவோம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்பத்தான் அளவு சரியாத் தெரியும்.

அம்மா: தொவைக்கறதச் சொல்லிக் குடுங்க யாராச்சும். எல்லாத்தயும் ஒண்ணா மெசின்ல போட்டுருவான். சாயம் போகாம இருக்க மொதத் தடவ உப்புத் தண்ணில ஊற வெக்கோணும்ல?

சிவா சித்தப்பா: உப்பு சாயப்பட்டறைல வேல செய்யும் அண்ணி. சாயத்தொட்டில உப்பு போட்டாத்தான் சாயம் துணிமேல ஏறும், அப்புறம் சோடா போட்டு அதப் புடிக்க வெப்பாங்க. வீட்டுல வந்து உப்புல ஊற வெச்சாப் போற சாயம் போய்த்தான் தீரும். நவீன், கருநீலத்தயும் ஜீன்ஸையும் உள்பக்கம் திருப்பிப் பச்சத்தண்ணில தனியாப் போடு. வெள்ளைய வெள்ளையோட போடு. கலர்துணிய நெழல்ல காயப்போடு. டீசர்ட்ட ஹேங்கர்ல ஈரத்தோட தொங்க விடாத, தோள் இழுத்துக்கும். கொடில மடிச்சுப் போடு.

நவீன்: கார்ட்ட காலி பண்ணிட்டேன் சித்தப்பா. துணி எடுக்க ஈரோடு எப்பப் போலாம்?

சிவா சித்தப்பா: செவ்வாக்கிழமை கனி மார்க்கெட்ல ஜவுளிச் சந்தை இருக்கும். அங்க ஒரு சுத்து பாத்துட்டு ஈஸ்வரன் கோயில் வீதிக்குப் போலாம். நான் லீவு சொல்லிட்டு ஒம்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். உனக்குச் சரியா ஒக்கார்ற சட்டை ஏதாச்சும் இருந்தா அத எடுத்துட்டு வா, அளவுக்கு டைலர்கிட்டக் குடுத்தர்லாம்.

நவீன்: அக்கா கல்யாணத்துக்குத் தச்ச க்ரீம் சட்டை தோள்ல கரெக்டா இருக்குங். அதக் கொண்டாறேன்.

அம்மா: நானும் வர்றேன். தம்பி, நீங்க காலைல சாப்பிடாம வாங்க, இட்லி கட்டிட்டு வர்றேன்.