பழைய கட்டடச் சுவரில் ஊர் கூடித் தீட்டும் ஓவியம்: வேண்டுமா, வேண்டாமா?

தூரிகை:
நூறாண்டு கடந்த கட்டடத்தின் வெறுமையான பக்கச் சுவரில், அதைச் சுற்றி வாழும் மக்களே கூடி ஓவியம் தீட்டலாம் என்ற யோசனையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் ஓவியர் ஜூடித் பாக்கா 1970களில் தொடங்கிய பெருஞ்சுவர் ஓவியம் 800 மீட்டரைவிட நீளமானது. அதில் நூற்றுக்கணக்கான இளைஞர்களின் கைவண்ணம் இருக்கிறது. தம் கையால் வண்ணம் பூசிய சுவரை மக்கள் எளிதில் பாழாக விடமாட்டார்கள்.

காரைச்சாந்து:
அந்த ஓவியம் இருப்பது வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவரில். நாம் பேசுவதோ சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவரைப் பற்றி. அது உறிஞ்சும் ஈரம் மேற்பரப்பின் வழியாகவே வெளியேற வேண்டும். அக்ரிலிக் வண்ணம் அந்த வழியை அடைத்தால், ஈரத்தோடு வரும் உப்பு உள்ளேயே படிகமாகிக் காரையைப் பெயர்த்துவிடும். அப்படி உப்பியிருந்த ஓரிடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன். வண்ணம் தோல்போல உரிந்து வந்தது. அதன் பின்புறத்தில் வெள்ளை உப்பும் மாவாகிப்போன காரையும் ஒட்டியிருந்தன.

தூரிகை:
அதற்கு சிலிக்கேட் வண்ணம் இருக்கிறதே. ஜெர்மனியில் கைம் என்பவர் 1878இல் காப்புரிமை பெற்ற அந்த முறையில், வண்ணம் படலமாக நிற்காமல் காரையோடு வினைபுரிந்து ஒன்றிவிடுவதால் ஈரம் தடையின்றி வெளியேறும்.

காரைச்சாந்து:
சுவர் மூச்சுவிடும் என்பது சரிதான். ஆனால் காரையோடு ஒன்றிவிட்டதைப் பின்னால் எப்படி அகற்றுவீர்கள்? பழைய கட்டடத்தில் இன்று நாம் செய்வதை நாளை வருபவர்கள் சேதமின்றி நீக்க முடிய வேண்டும் என்பதை மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையினர் அடிப்படை நெறியாகவே கொள்கிறார்கள்.

திண்ணை:
அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சுவரோவியத்துக்காக மெல்லிய துணித் துண்டுகளுக்கு எண்ணிட்டு, கட்டங்களில் கோடு வரைந்து மக்களிடம் கொடுக்கிறார்கள். சாரம் ஏற முடியாத முதியவர்களும் மேசையில் அமர்ந்தபடியே தீட்டலாம். அத்துணியைச் சுவரில் ஒட்டும் பசையும் அக்ரிலிக்தான் என்பதால், இங்கே பலகைகளில் ஒட்டி, சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்றோட இடைவெளி விட்டு மாட்டலாம். ஆணிகள் செங்கல்லில் இறங்காமல் சாந்து இணைப்புகளில் மட்டுமே இறங்க வேண்டும்.

தூரிகை:
துணி முறையை ஏற்கிறேன். பலகையில்தான் எனக்குத் தயக்கம். சன்னல் வளைவையும் கல்விளிம்பையும் உள்வாங்கி வரைந்தால்தான் அது அந்தச் சுவருக்கான ஓவியம்; பலகை அவற்றை மறைத்துவிட்டால் விளம்பரத் தட்டிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

காரைச்சாந்து:
வளைவுகளை விட்டுவிட்டு, இடைப்பட்ட பரப்புக்கு ஏற்பப் பலகைகளை வெட்டலாம். அதற்கு முன் கூரைநீர்க் குழாயின் கசிவை அடைத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் சுவர் உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை ஓர் ஆணிக்கும் நான் சம்மதிக்கமாட்டேன்.