மடி (இழுவை வலை) இழுக்கும்போது இன்ஜின் சூடு ஏறுது, கடல் தண்ணி விட்டு விட்டு வருது

கேள்வி (நாகப்பட்டினம்):
விசைப்படகு, 6 சிலிண்டர் இன்போர்டு டீசல். ரப்பர் இம்பெல்லர் (இதழ் வச்ச சக்கரம்) சுத்தி கடல் தண்ணியை இழுக்குற பம்பு, அந்தத் தண்ணியால இன்ஜின் தண்ணியைக் குளிர வைக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர். தடைக்காலம் முடிஞ்ச பிறகுதான் இந்தக் கோளாறு. ஐடிலில் 80 டிகிரி நிக்குது. மடி இழுக்கும்போது 1500 ஆர்.பி.எம்.மில் அரை மணியில் 98. பக்கவாட்டுக் குழாயில் தண்ணி முன்ன மாதிரி எறியலை, விட்டு விட்டுத் துப்புது. தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்குத் தக்க தண்ணி வழியைத் திறக்குற வால்வு) கழட்டியும் குறையலை. எக்ஸ்சேஞ்சரை ஆசிட் விட்டுக் கழுவச் சொல்றாங்க. செய்யலாமா?

பதில் 1 (தூத்துக்குடி):
ஆசிட் வேண்டாம் தம்பி, அது கடைசி வேலை. தெர்மோஸ்டாட்டை முதல்ல திருப்பி மாட்டுங்க. பல இன்ஜின்ல அது இல்லேன்னா பைபாஸ் வழி மூடாது, சுடுதண்ணி குளிராமலே சுத்தி வரும்.

விட்டு விட்டுத் துப்புதுன்னா பம்பு காத்தையும் சேர்த்து உறிஞ்சுது. இழுக்குற பக்கத்துல ஓட்டை இருந்தா பெரும்பாலும் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனாலதான் கண்ணுக்குப் படாது. ஸ்ட்ரெய்னர் (கடல் தண்ணி வடிகட்டி) மூடி ஓ-ரிங், ஹோஸ் கிளிப் ரெண்டையும் பாருங்க. ஸ்ட்ரெய்னருக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு அடி கம்பி வச்ச கண்ணாடி ஹோஸ் போட்டு ஓட்டினா குமிழி தெரிஞ்சிடும். பழைய ஹோஸ்ல உள் ரப்பர் உரிஞ்சு, ஆர்.பி.எம். ஏறும்போது மட்டும் ஒட்டிக்கிறதும் உண்டு.

தடைக்காலம் 61 நாளும் படகு தண்ணியிலேயே கிடந்திருந்தா அடிவாய் சல்லடையில சிப்பி கட்டியிருக்கும். சீ காக்கை (படகுக்குள்ள கடல் தண்ணி வர்ற வால்வு) மூடி, ஹோஸைக் கழட்டி, மெல்லத் திறங்க. குழாய் நிறையப் பாயணும்.

பதில் 2 (ராமேஸ்வரம்):
அண்ணன் சொன்னதோட இம்பெல்லரையும் கழட்டுங்க. ரெண்டு மாசம் ஒரே நிலையில நின்னா கேம் (பம்புக்குள்ள இதழை மடக்குற மேடு) பக்கம் அழுந்தின இதழ் வளைஞ்சபடியே இறுகிடும். இதழை விரலால மடக்கிப் பாருங்க. அடியில கீறல் விழுந்தா தூக்கிப் போடுங்க. மூடித்தட்டுல நகம் மாட்டுற அளவு பள்ளம் இருந்தா புது இம்பெல்லரும் இழுக்காது. மாட்டும்போது சோப்புத் தண்ணி தடவுங்க, கிரீஸ் வேண்டாம்.

இந்தப் பம்பு ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னு தள்ளும். 10 லிட்டர் வாளியைப் பிடிச்சு 700-லயும் 1400-லயும் நேரம் பாருங்க. நேரம் பாதியா குறையலேன்னா அடைப்பு, காத்து, இல்ல தேஞ்ச பம்பு.

பதில் 3 (கடலூர்):
எக்ஸ்சேஞ்சர் மேல சந்தேகம் இருந்தா லோடுல கடல் தண்ணி உள்ள போற சூட்டையும் வெளிய வர்ற சூட்டையும் அளந்துடுங்க. வித்தியாசம் வழக்கத்தைவிட ரொம்பக் கூடியிருந்தா தண்ணி பத்தலை. வித்தியாசம் கம்மியா இருந்தும் இன்ஜின் கொதிச்சா குழாய்ல உப்புப் படிஞ்சிருக்கு, அப்பத்தான் கழுவணும். அதுக்கும் முன்னால ஜிங்க்கை (அரிப்பைத் தடுக்க உள்ள வைக்கிற துத்தநாகத் துண்டு) கழட்டுங்க. உடைஞ்ச ஜிங்க் துண்டே பாதிக் குழாயை அடைச்சிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஓ-ரிங் நசுங்கியிருக்கு. இம்பெல்லர்ல 2 இதழ் இல்லை. ஒண்ணு ஆயில் கூலர் வாயில கிடைச்சது. புதுசு மாட்டி ஓட்டலாமா?

பதில் 2:
இன்னும் ஓட்டாதீங்க. மத்த இதழ் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சர் உள்வாய்ல இருக்கும். கடல் தண்ணி நுழையுற பக்கத்து மூடியைத் திறந்து எடுங்க. இதழ் துண்டுகளைப் பழைய இம்பெல்லரோட பொருத்திப் பார்த்து, முழுசா கூடினதுக்கு அப்புறம் மூடுங்க.