குளிர்காலையில் இழுக்கத் தயங்கும் கொரோலா 121: கியர் பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (பரந்தன்)

வணக்கம். என்னிடம் 2001ஆம் ஆண்டுக் கொரோலா 121, 1500 சீசீ, ஓட்டோ கியர் கார் ஒன்று இருக்கிறது. மீற்றர் 2 இலட்சத்து 40 ஆயிரம் கிலோமீற்றர் என்று காட்டுகிறது. அந்த மீற்றரை நான் முழுதாக நம்புவதில்லை. மாரி மழை ஓய்ந்து பனி விழும் காலத்தில் இரண்டு தொல்லைகள் தருகிறது.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, இருபது பாகைக் குளிரில், இஞ்சினை இயக்கி உடனே றிவேர்சில் போட்டால் நான்கு விநாடிக்குக் கார் அசைவதேயில்லை. பிறகு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு பின்னால் போகிறது. அதன்பின் முல்லைத்தீவு வீதியில் ஏறினால், தருமபுரம் தாண்டும் வரைக்கும் நான்காவது கியர் விழுவதில்லை. 70 கிலோமீற்றர் வேகத்தில் இஞ்சின் 2600 சுற்றில் இரைந்துகொண்டே வருகிறது. பாடசாலை முடிந்து மதிய வெயிலில் திரும்பும்போது, அதே வீதியில் அதே வேகத்தில் 1800 சுற்றில் நல்ல பிள்ளை போல ஓடுகிறது. போன வருடம் தை மாதத்தில் குடும்பத்துடன் நுவரெலியாவுக்குப் போயிருந்தோம். அங்கே காலையில் பத்துப் பாகைக்குக் கிட்டக் குளிர்; விடுதி வாசலில் றிவேர்ஸ் பிடிக்கப் பத்து விநாடி எடுத்தது.

இங்குள்ள ஒரு கராஜில் காட்டினேன். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டி முடிந்துவிட்டது, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பெட்டி ஒன்றைப் போடுவதுதான் வழி என்றார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு விலை ஏறிய ஏற்றத்தில் வேறு கார் வாங்கும் நிலையில் நான் இல்லை. ஆகவே பெட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன்.

பதில் (வவுனியா)

தம்பி, பொறுங்கள், பெட்டியை இப்போதைக்கு இறக்க வேண்டாம். நீங்கள் எழுதியவை இரண்டு வெவ்வேறு குறைகள்; கராஜ்காரர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

முதலில் நான்காவது கியரைப் பார்ப்போம். இந்தக் காரில் கியர் மாறுவதைத் தீர்மானிப்பது கணினி. இஞ்சின் தண்ணீர் ஏறக்குறைய 50, 60 பாகைச் சூட்டை எட்டும் வரை அது நான்காவது கியரையும் ரோர்க் கொன்வேற்றரின் (இஞ்சின் விசையை ஒயில் மூலம் பெட்டிக்குக் கடத்தும் பகுதி) பூட்டையும் தராது; இஞ்சின் விரைவாகச் சூடேற வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். வழமையில் சில கிலோமீற்றருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். உங்களுக்குத் தருமபுரம் வரை வரவில்லையென்றால், நான் முதலில் சந்தேகிப்பது பெட்டியை அல்ல, தேர்மோஸ்ரற்றை. எங்கள் பக்கத்தில் கார் ஒருமுறை கொதித்துவிட்டால் போதும், "இந்த வெயிலுக்கு இது எதற்கு" என்று சொல்லி அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது 82 பாகை அளவில் திறக்க வேண்டிய வால்வு. அது இல்லாவிட்டால், ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே தண்ணீர் றேடியேற்றருக்குள் ஓடிக் குளிர்ந்துகொண்டேயிருக்கும். மதியத்தில் எப்படியோ சமாளிக்கும். விடியற்காலைக் காற்று முகத்தில் அடிக்க ஓடும்போது சூடேறாது. நாளைக் காலை ஓடும்போது வெப்பமானியின் முள்ளைக் கவனியுங்கள். பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டிய முள் கால்வாசியிலேயே படுத்திருந்தால் விடை அதுதான்.

றிவேர்ஸ் தாமதிப்பது வேறு கதை. இரவு முழுக்க நிற்கும்போது கொன்வேற்றரிலிருந்து ஒயில் கீழே இறங்கிவிடும். காலையில் பம்பு அதை மீண்டும் நிரப்பி அழுத்தம் ஏற்றினால்தான் கிளட்ச் தட்டுகள் பிடிக்கும். ஒயில் குறைந்திருந்தாலும், பில்டர் அடைத்திருந்தாலும், உள்ளேயிருக்கும் றப்பர் சீல்கள் வயது போய் இறுகியிருந்தாலும் இந்த நேரம் நீளும். குளிரில் ஒயில் தடிக்கும்போது இன்னும் நீளும். நுவரெலியாவில் நான்கு விநாடி பத்தானது இதனாலேயே.

ஒயில் அளவை இஞ்சின் நின்ற நிலையில் பார்க்காதீர்கள். பலர் விடும் பிழை அது. அரை மணி நேரம் ஓடியபின் சமதரையில் நிறுத்தி, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே பிறேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் ஒருமுறை மெதுவாகப் போய் வந்து, பார்க்கிங்கில் விட்டுக் கம்பியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். கம்பியிலுள்ள இரண்டு அடையாளங்களில் சூட்டுக்குரியதைத்தான் வாசிக்க வேண்டும். கம்பியில் ஒட்டும் ஒயிலில் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டு நிறத்தைப் பார்த்து, மணந்தும் பாருங்கள். கடும் மண்ணிறம் என்றால் பழசு. கருகிய மணமும் தாளில் கறுப்புத் துகளும் இருந்தால் மட்டும் கராஜ்காரர் சொன்னதை நானும் யோசிப்பேன்.

பதில் (ரொறன்ரோ, பிறந்தது கிளிநொச்சி)

இருபது பாகையைக் குளிர் என்று ஊரில் எழுதுவதை வாசிக்கச் சிரிப்பு வருகிறது, ஆனாலும் ஊர்ப் பனியை மறக்க முடியாது. நான் சில வருடங்கள் வினிபெக்கில் இருந்தேன். அங்கே மைனஸ் முப்பது வரும். இஞ்சினைச் சூடாக்க இரவில் மின்சாரத்தில் செருகி வைத்துவிட்டுத்தான் படுப்போம். அந்தக் குளிரில் புதுக் கார்கூடக் கியர் மாற்றத் தயங்கும், அதை யாரும் பழுது என்று சொல்வதில்லை. உங்கள் காரின் நிலை அப்படியல்ல. இருபது பாகை எந்த ஒயிலையும் பாகாக்கிவிடாது. அந்தச் சிறு வேறுபாட்டுக்கே அது தடுமாறுகிறதென்றால், உள்ளே ஏதோ ஒன்று விளிம்பில் நிற்கிறது என்றுதான் பொருள். வவுனியா ஐயா சொன்ன வரிசையிலேயே பாருங்கள்.

ஒரு சோதனையை மட்டும் சேர்க்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்து, பார்க்கிங்கிலேயே ஒரு நிமிடம் விட்டுப் பிறகு றிவேர்சில் போடுங்கள். தாமதம் வெகுவாகக் குறைந்தால், ஒயில் இறங்கிப் போவதுதான் பெரும்பங்கு. ஒரு நிமிடம் பொறுத்தும் அதே நான்கு விநாடி என்றால் சீல்களைச் சந்தேகிக்கலாம். எதுவாயினும், பிடிக்கவில்லையே என்று அக்சிலேற்றரை மிதிக்காதீர்கள். அழுத்தம் வந்து தட்டுகள் திடீரெனப் பிடிக்கும்போது விழும் அடிதான் பெட்டியை உண்மையில் கொல்லும்.

பதில் (கண்டாவளை)

ஒயிலின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் என்னுடைய கார் கதவளவு தண்ணீரில் ஒரு பகல் நின்றது. காய்ந்த பிறகு இஞ்சின் ஒயிலை மாற்றினேன். கியர் பெட்டியை நினைக்கவேயில்லை. மூன்று வாரத்தில் கியர் வழுக்கத் தொடங்கியது. கம்பியை இழுத்தால், பால் கலந்த ரோஸ் சர்பத் போல ஒயில் வந்தது. தண்ணீர் பட்டால் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படை கழன்றுவிடும், அதன்பின் ஒயில் மாற்றிப் பயனில்லை. வெள்ளம் படாத காரிலும் இது நடக்கும். ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் றேடியேற்றருக்குள்ளேயே இருப்பதால், அது அரித்துப்போனால் தண்ணீர் பெட்டிக்குள் வந்துவிடும். கேட்டவரின் காரில் அப்படி எதுவும் இல்லையென்றால் நிம்மதி.

கேட்டவர் மீண்டும் (பரந்தன்)

மூவருக்கும் நன்றி. முள் கால்வாசியைத் தாண்டவில்லை. வேறொரு மெக்கானிக்கைக் கொண்டு தேர்மோஸ்ரற் இருக்கும் மூடியைக் கழற்றிப் பார்த்தோம்; வால்வு இருக்க வேண்டிய இடம் வெறும் குழி. எனக்கு முந்திய யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். புதியது போட்டு மறுநாள் காலை ஓடியபோது, ஐந்து கிலோமீற்றருக்குள் நான்காவது கியர் விழுந்தது. இத்தனை காலமும் எரித்த பெற்றோலை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

ஒயில் சூட்டு அடையாளத்தின் கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றது. தேநீர்ச் சாயம் போன்ற நிறம், கருகிய மணமில்லை. எங்கே போனதென்று காருக்குக் கீழே படுத்துப் பார்த்தால், இடதுபக்க அச்சுத் தண்டு பெட்டிக்குள் நுழையும் இடத்தில் செம்மண் களிபோல ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டினால் உள்ளே எண்ணெய் ஈரம். அந்தச் சீலை மாற்றியாயிற்று. ஒயிலும் மாற்ற வேண்டும், ஆனால் இயந்திரத்தில் பூட்டி ஒரேயடியாகக் கழுவ எனக்குத் துணிவில்லை.

பதில் (வவுனியா)

கழுவ வேண்டாம். கீழ் நட்டைக் கழற்றினால் 3 லீற்றர் அளவில் வரும். மீதி உள்ளேயே நிற்கும். வந்த அளவுக்கே புதியதை ஊற்றி, இருநூறு முந்நூறு கிலோமீற்றர் ஓடி, மறுபடி செய்யுங்கள். மூன்று தடவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புதிதாகிவிடும். கம்பியிலேயே "ரி-4" என்று பொறித்திருக்கும். அந்த ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும். கடையில் "எல்லா ஓட்டோவுக்கும் இதுதான்" என்று சீவீரி (படிக் கியர் இல்லாத வேறுவகை ஓட்டோ பெட்டி) ஒயிலைத் தந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

கேட்டவர் மீண்டும் (பரந்தன்)

இரண்டு தடவை மாற்றிவிட்டேன். றிவேர்ஸ் இப்போது ஒரு விநாடிக்குள் பிடிக்கிறது. கடும் பனி விழுந்த நேற்றுக் காலை மட்டும் இரண்டு எடுத்தது, தட்டும் சத்தம் இல்லை. மூன்றாவது மாற்றம் வருகிற சனிக்கிழமை.