புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு டெவலப்பர் கையில் இருக்கலாமா?

கோவை டிபிஏ:
நான் டிபிஏ, அதாவது டேட்டாபேஸைப் பராமரிப்பவன். போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி, நிஜ வாடிக்கையாளர் தரவு ஓடும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸில், ஒரே ஒரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணைத் திருத்த அப்டேட் கட்டளை எழுதினார். இரண்டு வரி. இரண்டாவது வரியில்தான் எந்த வாடிக்கையாளர் என்று சொல்லும் வேர் (WHERE) கண்டிஷன். எடிட்டரில் முதல் வரியை மட்டும் செலக்ட் செய்து ரன் கொடுத்துவிட்டார். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்; ஆட்டோகமிட் ஆன், ரன் கொடுத்த உடனே மாற்றம் நிலைத்துவிடும். 41,000 பேருக்கும் ஒரே ஜிஎஸ்டி எண். வேர் இல்லாத மரம் எப்படிச் சாயும் என்று கண்ணால் பார்த்தோம்.

முந்தைய இரவு எடுத்த டம்பிலிருந்து (பேக்கப் ஃபைல்) அந்த டேபிளைத் தனி டேட்டாபேஸில் ஏற்றி, ஜிஎஸ்டி எண் இருக்கும் நெடுவரிசையை மட்டும் ஜாயின் போட்டுத் திரும்ப எழுதினோம். அன்று பகலில் புதிதாகச் சேர்ந்த 63 பேருக்கு ஃபோன் போட்டு, 15 எழுத்து எண்ணை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினோம்.

அதைவிட வயிற்றைக் கலக்கியது வேறு. லாகில் பார்த்தால் அப்ளிகேஷன் யூசர் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டு 14 பேருக்குத் தெரியும், அதில் இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். தம்பி தானாக வந்து ஒப்புக்கொண்டதால்தான் யார் என்றே தெரிந்தது. இனி எந்த டெவலப்பருக்கும் புரொடக்‌ஷனில் நேரடி அணுகல் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டீம் லீடர்கள் கொதிக்கிறார்கள். நான் செய்தது தப்பா?

இரவுப்பணி:
தப்புதான் சார். ராத்திரி 2 மணிக்குப் பில் போடவில்லை என்று கிளையன்ட் கத்தினால் எழுந்திருப்பவன் நான். டிபிஏவுக்கு டிக்கெட் போட்டால் காலை 10 மணிக்கு, "விவரம் போதவில்லை" என்று பதில் வரும். டேட்டாவைப் பார்க்காமல் பக் எங்கே என்று ஜோசியமா பார்ப்பது?

கோடு சேமித்து வைக்கும் தளமான கிட்லேபின் கதை உங்களுக்குத் தெரியாதா? 2017 ஜனவரி 31. ரெப்ளிகா, அதாவது முதன்மை டேட்டாபேஸை அப்படியே நகலெடுக்கும் இரண்டாம் சர்வர், பின்தங்கியதைச் சரிசெய்ய உட்கார்ந்தவர், இரண்டாம் சர்வரில் அழிக்க வேண்டிய டைரக்டரியை முதன்மை சர்வரில் அழித்தார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அந்த சர்வரில் அழிக்கிற அதிகாரம் முறைப்படி உள்ளவர்தான் அவர். உங்கள் விதி அவரைத் தடுத்திருக்குமா?

கோவை டிபிஏ:
தடுத்திருக்காது, சரி. ஒரு ஆபத்தை நிறுத்தாத பூட்டு இன்னொன்றை நிறுத்தும் இல்லையா? 14 பேர் கையில் ஒரே சாவி என்பதுதான் என் புகார்.

பழைய ஆரக்கிள்:
தம்பிகளா, ஆரக்கிள் டேட்டாபேஸில் ஸ்காட் என்ற யூசருக்கு டைகர்தான் பாஸ்வேர்டு என்று ஊரே சொன்ன காலத்திலிருந்து இந்தச் சண்டையைப் பார்க்கிறேன். அணுகலைப் பிடுங்கினால் என்ன ஆகும் தெரியுமா? யாராவது ஒருத்தர் டம்ப் எடுத்துத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்வார். அந்த லேப்டாப் பேருந்தில் போகும், சர்வீஸ் சென்டருக்குப் போகும். கதவை மூடி ஜன்னல் வழியாக அனுப்புகிற வேலை இது.

செல்வி ஆடிட்:
ஐயா சொல்வது உண்மை, ஆனால் அதனால் கதவைத் திறந்தே வைக்க முடியாது. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதுமான பாதுகாப்பு எடுக்காமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. நான் ஆடிட்டுக்குப் போனால் முதல் கேள்வி, "இந்த வரியை மாற்றியது யார்?" என்பதுதான். "அப்ளிகேஷன்" என்று பதில் வந்தால் ஃபைலை மூடிவிட்டு டீ கேட்பேன். ஆளுக்கொரு யூசர், யார் என்ன கட்டளை கொடுத்தார் என்று பதிந்து வைக்கும் பிஜிஆடிட், படிக்க மட்டும் உரிமை. இதெல்லாம் ஒரு நாள் வேலை.

இரவுப்பணி:
அக்கா, ஆளுக்கொரு யூசர் என்றால் எனக்குச் சம்மதம், நான் எதற்குச் சண்டை போடப் போகிறேன்? நேரடி அணுகலே கூடாது என்பதற்குத்தான் எதிர்ப்பு. எழுதுகிற உரிமை வைத்துக்கொண்டே பிழைக்க வழி இருக்கிறது. முதலில் பிகின், அப்புறம் அப்டேட், எத்தனை வரி மாறியது என்று பார், 1 என்று வந்தால் கமிட் கொடுத்து நிலைநிறுத்து, 41,000 என்று வந்தால் ரோல்பேக் கொடுத்து ரத்து செய். ஆட்டோகமிட்டை ஆஃப் செய்து வைத்திருந்தால் சாருக்கு 63 ஃபோன் மிச்சம்.

கோவை டிபிஏ:
பிகின் மகாத்மியம் எனக்கும் தெரியும். எங்களில் ஒருவர் பிகின் போட்டு அப்டேட் செய்துவிட்டு, கமிட் கொடுக்காமல் சாப்பிடப் போனார். அந்த வரியின் மேல் விழுந்த பூட்டை (லாக்) விடவே இல்லை. அதே வரியை மாற்ற வந்த கனெக்‌ஷன்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நின்று, கனெக்‌ஷன் பூலே நிரம்பி, பில்லிங் கவுன்டர்கள் மொத்தமும் உறைந்தன. அவர் சாம்பார் சாதம் முடித்துத் தயிருக்கு வந்தபோது நான் கேன்டீன் வாசலில் நிற்கிறேன்.

இரவுப்பணி:
அதற்குத்தான் ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் டைம்அவுட் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பிலிருந்தே; கமிட் கொடுக்காமல் சும்மா கிடப்பவரை வெட்டிவிடும். அதைப் போடவேண்டியது டெவலப்பரா, டிபிஏவா? :)

கோவை டிபிஏ:
நான்தான். இப்போது 60 நொடி போட்டிருக்கிறேன். அடி வாங்கிய பிறகு.

குமரி குப்பன்:
ரெப்ளிகா ஒன்று இருந்தால் இவ்வளவு பாடு இருக்காதே? அங்கிருந்து பழைய டேட்டாவை எடுத்திருக்கலாமே?

பழைய ஆரக்கிள்:
ரெப்ளிகா கண்ணாடி மாதிரி தம்பி. நீ மூக்கைச் சொறிந்தால் அதுவும் சொறியும். 41,000 வரியும் அடுத்த நொடியே அங்கேயும் மாறியிருக்கும். வேண்டுமென்றே சில மணி நேரம் தாமதமாக ஓடும் ரெப்ளிகா (ஸ்டாண்ட்பை) வைத்தால் பிழைக்கலாம், போஸ்ட்கிரெஸில் அதற்கு வசதி உண்டு. முழு பேக்கப்போடு, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து சேமிக்கும் வால் (WAL) ஆர்க்கைவும் வைத்திருந்தால் தப்பு நடந்த நிமிடத்துக்கு முன்பு வரை போய் நிற்கலாம். ரெப்ளிகாவை நம்பி பேக்கப்பை விட்டவர்களின் கண்ணீர்க் கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

கிட்லேப் கதையில் எனக்குப் பெரிய விஷயம் அழித்தது அல்ல. பேக்கப் எடுக்கப் போனது போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பின் பிஜி டம்ப் கருவி, டேட்டாபேஸோ 9.6. தினமும் எரர் ஆகிப் பேக்கப்பே இல்லை. எரர் ஆனதைச் சொல்ல வேண்டிய மெயிலும் கையொப்பம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. டெஸ்டிங்குக்காக ஒருவர் 6 மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. கோவையாரே, உங்கள் டம்பை வியாழக்கிழமைக்கு முன்பு என்றைக்காவது முழுசாக ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா?

கோவை டிபிஏ:
முழு சர்வரே போனதாக வைத்து... இல்லை. அன்றைக்கும் ஒரு டேபிளை மட்டும்தான் எடுத்தேன்.

செல்வி ஆடிட்:
இதை ஆடிட்டில் சொல்லியிருந்தால் டீகூடக் கேட்டிருக்க மாட்டேன்.

இரவுப்பணி:
பார்த்தீர்களா! எங்கள் கையைக் கட்டுவதற்கு ஒரு கடிதம், பேக்கப்பைச் சோதிக்க ஒரு சனிக்கிழமை இல்லை.

கோவை டிபிஏ:
குத்துவது போதும் தம்பி, செய்துவிட்டு வருகிறேன்.

கோவை டிபிஏ:
சனி, ஞாயிறு இரண்டு நாளும் போயிற்று. வெற்று மெஷின், புது போஸ்ட்கிரெஸ், நேற்றிரவு டம்ப். ரீஸ்டோருக்கு 5 மணி 40 நிமிடம். நான் மேலே சொல்லி வைத்திருந்தது இரண்டு மணி நேரம். டேட்டா முழுக்க வந்துவிட்டது. ஆனால் டேபிள் யாருடையது, யாருக்கு என்ன உரிமை என்று சொல்லும் ஓனர், கிராண்ட் வரிகள் எல்லாம் "ரோல் இல்லை" (அந்த யூசரே இல்லை) என்று வரிசையாக எரர். அப்ளிகேஷனால் உள்ளே நுழையவே முடியவில்லை. பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும், யூசர்களும் அவர்கள் பாஸ்வேர்டும் எல்லா டேட்டாபேஸுக்கும் பொதுவாக, கிளஸ்டர் மட்டத்தில் இருப்பவை. பிஜி டம்ப்ஆல் என்ற இன்னொரு கருவியில் அந்தப் பொதுவானவற்றை (குளோபல்ஸ்) மட்டும் தனியாக எடுத்திருக்க வேண்டும். மூன்று வருடமாக எடுக்கவில்லை. எவருக்கும் அணுகல் இல்லாத டேட்டாபேஸ் ஒன்றை உண்மையிலேயே செய்து முடித்துவிட்டேன்.

கடிதத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அப்ளிகேஷன் பாஸ்வேர்டு மாற்றப்படும், 14 பேருக்கும் தனித்தனி யூசர், படிக்க மட்டும், அதுவும் ரெப்ளிகாவில். அங்கேயும் டேபிளை நேராகக் காட்டாமல், ஃபோன் எண், பான் எண் மறைத்துக் காட்டும் வியூ. எழுத வேண்டுமென்றால் ஸ்கிரிப்ட் கொடுங்கள், இன்னொருவர் பார்த்த பிறகு நான் ஓட்டுவேன்.

இரவுப்பணி:
ரெப்ளிகா, வியூ இரண்டும் ஓகே சார். ராத்திரி 2 மணிக்கு ஸ்கிரிப்டை ஓட்டுவது யார் என்று இன்னும் சொல்லவில்லையே?

கோவை டிபிஏ:
ரோஸ்டர் போடுகிறேன். முதல் வாரம் நான். இரண்டாவது வாரம் உங்களை மாதிரி ஒருத்தர்.

இரவுப்பணி:
அப்போ அந்த வாரம் எனக்கு எழுதும் உரிமை வேண்டும். அங்கேயே வந்து நிற்கிறோம் பாருங்கள்.