வெனிஸில் நாலு ராத்திரி: கூட்டத்தில் சிக்காமல் எங்கே தங்கலாம்?

கொடிவேரி:
அக்டோபர் கடைசியில் அம்மாவும் நானும் போகிறோம். சான் மார்கோ சதுக்கமும் ரியால்தோ பாலமும் ஒரு தடவை பார்த்தால் போதும். மீதி நேரம் ஊர்க்காரர்கள் புழங்கும் பகுதியில் இருக்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. சைவம், முட்டை ஓகே. எந்தப் பகுதியில் அறை எடுப்பது? படகு பாஸ் வாங்கணுமா? ஊருக்குள் நுழையவே காசு கட்டணுமாமே?

நடைவண்டி:
கூட்டம் ஊர் முழுக்கக் கிடையாது. ரயிலடியிலிருந்து ஸ்த்ராதா நோவா, ரியால்தோ, சான் மார்கோ என்று மஞ்சள் பலகை காட்டும் ஒரே தடத்தில்தான் எல்லாரும் நடக்கிறார்கள். அதிலிருந்து ரெண்டு சந்து வடக்கே தள்ளினால் வேறு ஊர்.

முழங்கால் வலி என்றால் கன்னரேஜோவின் வடபகுதியைப் பாருங்கள்: சான்த் அல்வீஸே, மதொன்னா தெல் ஓர்த்தோ பக்கம். அங்கே கால்வாய்க் கரைகள் நீளமாக, நேராக ஓடும். படியேறி இறங்கும் பாலம் குறைவு. ஜூதெக்கா தீவின் கரையும் நடக்கச் சுகம், ஆனால் எங்கே போனாலும் படகுதான். அறை எடுக்கும்போது "நிறுத்தத்திலிருந்து எத்தனை மீட்டர்" என்று கேட்காதீர்கள், "எத்தனை பாலம்" என்று கேளுங்கள். சக்கரப் பெட்டியைப் படியில் தூக்கப்போவது நீங்கள்தான்.

முகவரியில் தெருப் பெயரும் வாங்கிக்கொள்ளுங்கள். கதவு எண் தெருவுக்கு இல்லை, முழுப் பகுதிக்கும் ஒரே வரிசை. காஸ்தெல்லோ பகுதியில் ஆறாயிரத்தைத் தாண்டும். தெருப் பெயர் மட்டும் இருந்தாலும் ஆபத்து, 'காலே தெல் ஃபோர்னோ' ஊரில் பல உண்டு.

படகு: ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம். 72 மணி நேர பாஸ் 45 யூரோ. அஞ்சு தடவை ஏறினாலே பாஸ்தான் லாபம். விமான நிலையப் படகுக்கும் பஸ்ஸுக்கும் செல்லாது. ஒவ்வொரு தடவையும் ஏறுமுன் மிதவை மேடையில் உள்ள கருவியில் தொட்டுவிடுங்கள். பாஸ் இருந்தும் தொடாமல் மாட்டினால் அபராதம். 4.1, 4.2 எண் படகுகள் இரண்டும் ஊரை எதிரெதிர்த் திசையில் சுற்றும். மாற்றி ஏறினால் பத்து நிமிடப் பயணம் முக்கால் மணி ஆகும்.

எண்ணெய்க்கத்திரி:
சாப்பாட்டுக்குப் பாக்கரோ. நின்றபடி சாப்பிடும் சின்ன ஒயின் கடை. ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தரும் சிக்கெத்தி ஒவ்வொன்றும் ரெண்டு யூரோ அளவில். ஃபொந்தமெந்தா தெல்லா மிசெரிகோர்தியா கரையில் வரிசையாக இருக்கும். சாயங்காலம் ஆறரைக்குள் போங்கள், எட்டரைக்குத் தட்டு காலியாகிவிடும்.

சைவத்துக்கு இது முக்கியம். பிகோலி இன் சால்ஸா பார்த்தால் வெங்காயம் வதக்கிப் போட்ட நூடுல்ஸ் மாதிரி அப்பாவியாகத் தெரியும். அந்தப் பழுப்பு நிறமே நெத்திலி கரைந்ததுதான். மொத்ஸரெல்லா இன் கரோத்ஸா என்ற பொரித்த சீஸ் ரொட்டிக்குள்ளும் நெத்திலியோ பன்றி இறைச்சியோ ஒளிந்திருக்கும். "சென்ஸா கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம் என்பது மட்டும்தான், "சென்ஸா பேஷே" என்று மீனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முட்டை, தண்ணீர்விட்டான் (அஸ்பாரகஸ்) தண்டு வைத்த த்ரமெத்ஸினோ சாண்ட்விச் நல்ல துணை. காபியைக் கவுண்டரிலேயே நின்று குடித்தால் விலை குறைவு, உட்கார்ந்தால் வேறு கணக்கு.

ரியால்தோ மீன் சந்தை செவ்வாய் முதல் சனி வரை காலையில் மட்டும். எதிர்க்கரை சாந்தா சோஃபியாவிலிருந்து த்ராகெத்தோ என்ற கொந்தோலா துடுப்புப் படகில் ரெண்டு யூரோவுக்குக் கால்வாயைக் கடக்கலாம். கொந்தோலா ஆசைக்கு அதுவே போதும் என்பேன். சில்லறையாக வைத்திருங்கள்.

கடல்மட்டம்:
நுழைவுக் கட்டணம் 2024இல் வந்தது, ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் குறித்த நாட்களில் பகல் நேரத்துக்கு மட்டும். அக்டோபரில் கவலை இல்லை. தங்குபவர்கள் கட்டும் இரவு வரி வேறு, அதை விடுதியில் வாங்குவார்கள்.

நீங்கள் போவது வெள்ளப் பருவம். 2020 முதல், கடல் நீர் ஊருக்குள் ஏறாமல் தடுக்கத் தூக்கும் மோசே தடுப்புகள் பெரிய கடலேற்றங்களை நிறுத்துகின்றன, ஆனால் வழக்கமாக நீர்மட்டம் 110 செ.மீ. ஏறும் என்று எதிர்பார்த்தால்தான் தூக்குவார்கள். சான் மார்கோ சதுக்கம் அதற்கு முன்பே நனைந்துவிடும். காலையில் கடலேற்ற முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, அங்கே போவதை நீர் வடியும் நேரத்துக்குத் தள்ளுங்கள்.

கொடிவேரி:
நன்றி. கன்னரேஜோவில் சமையலறையோடு வீடு கிடைக்கிறது. ஏதாவது கவனிக்கணுமா?

நடைவண்டி:
குப்பை. ராத்திரி வாசலில் பையை வைத்தால் கடற்காகம் கிழித்துத் தெருவெல்லாம் பரப்பிவிடும், அபராதமும் உண்டு. காலையில் ஆள் வரும்போது கொடுக்கணும். காகிதம் ஒரு நாள், பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் மறுநாள், ஞாயிறு கிடையாது. எந்த நாளில் எது என்ற தாளை வீட்டுக்காரரிடம் சாவியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.