கைரல் முனை நுண்ணோக்கி: ‘கைவாட்டம்’ என்ற சொல் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம். பொருளின் காந்த அமைப்பைப் படமெடுக்கும் ‘கைரல் முனை நுண்ணோக்கி’ (chiral tip microscope) என்ற கருவிக்குத் தமிழ்ப் பெயராக நம்மில் ஒருவர் முன்வைத்தது இது:

> ‘சீர்மையற்ற மூலக்கூறு காந்த நுண்ணோக்கி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

எனக்கு இது இரண்டு இடங்களில் இடிக்கிறது.

முதலில் ‘சீர்மையற்ற’. பாடநூல்களில் பழகிய சொல்தான். ஆனால் 1848இல் பிரெஞ்சு வேதியியலாளர் பாஸ்டர் படிகங்களைக் கையால் பிரித்தெடுத்தாரே, அந்த டார்டாரிக் அமிலத்தின் வல, இட வடிவங்களுக்குச் சீர்மை உண்டு. ஓர் அச்சைச் சுற்றி அரைச் சுற்று திருப்பினால் அப்படியே பொருந்தும். தன் ஆடி பிம்பத்தோடு மட்டும்தான் பொருந்தாது. அந்தப் பண்புக்குத்தான் இயற்பியலாளர் கெல்வின் பிரபு, 1894இல் அச்சான சொற்பொழிவில், கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘கைராலிட்டி’ (chirality) என்று பெயர் வைத்தார். ‘அவனுக்கு இடக்கை வாட்டம்’ என்று நம் பேச்சில் இருக்கிறது. ஆகவே கைவாட்டம் என்கிறேன். கைவாட்டமுள்ள, கைவாட்டமற்ற, வலவாட்டம், இடவாட்டம் என்று தடையில்லாமல் கிளைக்கும்.

‘வலம்புரி, இடம்புரி இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?’ என்ற கேள்வி நியாயமானது. அழகான சொற்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை விலங்கியலார் இடச்சுருள் என்று வகைப்படுத்துகிறார்கள். பார்க்கும் முனை வேறு. வேதியியலுக்குள் இந்தக் குழப்பம் வந்தால் மாணவர் பாடு திண்டாட்டம். தவிர, ‘புரி’ என்றால் முறுக்கு. முறுக்கே இல்லாத, அலனின் போன்ற சிறு அமினோ அமிலத்துக்கும் கைவாட்டம் உண்டு.

அடுத்தது ‘காந்த நுண்ணோக்கி’. வழக்கமான காந்த விசை நுண்ணோக்கி ஓர் ஊசிமுனையால் பரப்பை வருடிப் படமெடுக்கும்; அந்த முனையில் காந்தப் பூச்சு இருக்கும். அதன் புலம் பார்க்க வந்த பொருளின் காந்த அமைப்பையே கலைத்துவிடலாம். புதிய முறையின் சிறப்பே முனையில் காந்தம் இல்லாததுதான். 2019இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகக் குழு, அணு விசை நுண்ணோக்கியின் (இதுவும் ஊசிமுனையால் பரப்பின் விசையை உணர்வதே) முனையில் கைவாட்டமுள்ள மூலக்கூறுகளை ஒட்டிக் காட்டியது. முனை பரப்பை நெருங்கும்போது மூலக்கூறுக்குள் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகச் சற்றே நகரும். அப்படி நகர்கையில் ஒரு திசைத் தற்சுழற்சிக்கு (spin, எலக்ட்ரானைச் சிறு காந்தம்போல் ஆக்கும் பண்பு) வழி எளிது, எதிர்த்திசைக்குக் கடினம். எனவே மூலக்கூறின் நுனியில் கணநேரத்துக்கு ஒரு தற்சுழற்சி மிகுந்து நிற்கும். பரப்பிலுள்ள தற்சுழற்சி அதற்கு எதிராக இருந்தால் ஈர்ப்பு கூடும், இணையாக இருந்தால் குறையும். இந்த விசை வேறுபாட்டைப் புள்ளி புள்ளியாகப் பதிந்தால் காந்தத்தின் படம் கிடைத்துவிடும். இந்த விசை மிகக் குறுகிய தொலைவுக்கே எட்டும் என்பதால் படத்தில் நுணுக்கமும் கூடுகிறது.

கைவாட்டமுள்ள மூலக்கூறு ஒரு திசைத் தற்சுழற்சியை எளிதாக விடும் இந்த அடிப்படை விளைவை 1999இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தின் ரான் நாமனும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்டார்கள். அதைக் ‘கைவாட்டத் தற்சுழற்சித் தெரிவு’ எனலாம். ‘தேர்வு’ என்றால் பரீட்சை நினைவு வரும். ‘தெரிவு’ இலங்கையிலும் நன்கு புழங்கும் சொல்.

கருவிக்கு என் பரிந்துரை ‘கைவாட்ட முனை நுண்ணோக்கி’. மூன்றே சொல், முனையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த ஈர்ப்பு வேறுபாட்டுக்குக் காரணமானதைப் ‘பரிமாற்ற இடைவினை’ (exchange interaction) என்பதா, ‘பரிமாற்று விசை’ என்பதா? விசையாக அளந்தாலும் மூலம் ஆற்றல் வேறுபாடு என்பதால் நான் முன்னதன் பக்கம். இயற்பியல் கற்பிப்பவர்கள் வகுப்பில் எதைச் சொல்கிறீர்கள்?

அன்புடன்.