சித்தப்பா வலி மருந்து: நம்ம வீடு குழு

[இரவு 9:21] வசந்தி: அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் முனக ஆரம்பிச்சிடறார். புற்றுநோய் வலிக்கு எழுதின மார்பின் 10 மி.கி. கேக்கவே மாட்டேங்குது. டோஸ் ஏத்தச் சொல்லணுமா?

[9:23] மீனா: நேத்து எந்தெந்த மணிக்குக் கொடுத்தீங்கக்கா?

[9:24] வசந்தி: காலை 7, மதியம் 2, ராத்திரி 9. சீட்டுல 4 மணி நேரத்துக்கு ஒருதடவைன்னு இருக்கு. வலி இல்லாம படுத்திருக்கிறவருக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்

[9:28] மீனா: அங்கதான் சிக்கல். சாதா மார்பின் தாங்கறதே சுமார் 4 மணி நேரம். 9 மணிக்குப் போட்டது 1 மணிக்கே இறங்கிடும். வலி ஏறினப்புறம் கொடுத்தா, கேக்க ஆரம்பிக்க அரை மணியாவது ஆகும், அதுக்குள்ள வலி இன்னும் ஏறிடும். அவர் நிம்மதியா படுத்திருக்கார்னா முந்தின டோஸ் வேலை செய்யுது, அவ்வளவுதான். 6, 10, 2, 6, 10, 2ன்னு கடிகாரத்தைப் பாத்துக் கொடுங்க

[9:29] ரகு: நடுராத்திரி 2 மணி டோஸுக்கு எழுப்ப வேண்டாம்னு, படுக்கும்போது ரெண்டு மடங்கா எழுதற டாக்டர்கள் உண்டு. கேளுங்க. நீங்களா செய்யாதீங்க

[9:32] பெரியப்பா: இப்படிக் கொடுத்தா தம்பிக்குப் பழக்கமாயிடாதா? அது கடைசி கட்டத்து மருந்தாச்சே

[9:36] மீனா: இல்ல பெரியப்பா. வலி எவ்வளவுன்னு பாத்துத்தான் மார்பின், இன்னும் எத்தனை நாள்னு பாத்து இல்ல. உடம்பு பழகும், அதனால திடீர்னு நிறுத்தக் கூடாது, படிப்படியா குறைக்கணும். போதைக்கு ஏங்கறது வேற விஷயம். வலி அடங்காம அடுத்த மாத்திரைக்கு மணி கேக்கறவரை அடிமைன்னு நினைச்சிடக் கூடாது

[9:38] வசந்தி: 4 நாளா மலமும் போகல. அந்தப் பயமும்தான்

[9:41] ரகு: பிசகோடில், சென்னா மாதிரி மலமிளக்கி ஏதாவது எழுதியிருக்காங்களா? குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாள்ல குறையும், மார்பின் மலச்சிக்கல் மட்டும் தானா சரியாகாது. மார்பின் இருக்கிற வரைக்கும் மலமிளக்கியும் தினம் வேணும். நார்ப்பொடி மட்டும் கொடுக்காதீங்க, தண்ணி கம்மியா குடிக்கிறவருக்கு அடைச்சுக்கும்

[9:42] வசந்தி: பிசகோடில் இருக்கு. மாத்திரை அதிகமா இருக்கேன்னு அதை நிறுத்திட்டேன் 🙈

[9:43] ரகு: சரியாப் போச்சு. 4 நாளாச்சுன்னு காலைல டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. வயிறு உப்பி வாந்தி வந்தா காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்

[9:46] மீனா: டோஸ் ஏத்தறதுக்குக் கணக்கு இருக்குக்கா. 10 மி.கி. ஆறு வேளை, மொத்தம் 60. இடையில வலி குத்தினா அதுல ஆறுல ஒரு பங்கு, அதாவது 10, கூடுதலா எழுதறது வழக்கம். சீட்டுல பாருங்க. வேளை தவறாம கொடுத்தும் தினம் மூணு நாலு தடவை கூடுதல் தேவைப்பட்டா, டோஸ் போதலை. மணி, வலி 0–10ல எத்தனை, எப்படிப்பட்ட வலி, ஒரு மணி நேரம் கழிச்சு எத்தனை, எல்லாம் நோட்டுல எழுதுங்க. "ரொம்ப வலிக்குது"ன்னா டாக்டரால எதையும் மாத்த முடியாது

[9:48] வசந்தி: கால்ல ஷாக் அடிச்ச மாதிரி சுள்ளுனு இழுக்குதுங்கறார்

[9:50] மீனா: இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்! நரம்பு வலி மாதிரி இருக்கு, மார்பின் மட்டும் பத்தாம போகலாம். நரம்பு வலிக்குன்னு கபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்து சேர்ப்பாங்க, பலன் தெரிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். கால் துவளுதா? மரத்துப் போகுதா? மூத்திரம் சிரமமா?

[9:52] வசந்தி: நடக்கிறார். மூத்திரம் சரியாதான் போறார்

[9:54] மீனா: நல்லது. புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் போயிருக்குன்னு சொன்னீங்கல்ல, அதனால கேட்டேன். அதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி, தண்டுவடம் அழுந்தினா காலுக்குப் பலம் திரும்பாமலே போயிடலாம். தட்டி எழுப்பியும் கண் திறக்கலை, மூச்சு நிமிஷத்துக்கு 8க்குக் கீழன்னா அடுத்த டோஸ் வேண்டாம், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. சிறுநீரகம் பழுதானா மார்பின் உடம்புல தேங்கும், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பாத்தாங்களான்னும் கேளுங்க

[9:55] ரகு: 12 மணி நேரம் மெதுவா வேலை செய்யற மார்பின் மாத்திரைக்கு மாத்தினா, அதை மட்டும் பொடிச்சுக் கரைச்சுடாதீங்க. மொத்த மருந்தும் ஒரே நேரத்துல உடம்புல ஏறிடும்

[9:57] பெரியப்பா: வசந்தி, மணி பத்தாகப் போகுது

[9:58] வசந்தி: அப்பாவுக்கு மருந்து எடுத்துட்டேன் பெரியப்பா, பிசகோடிலும் சேர்த்து